சுவரில் ஒட்டிய சீட்டு

கம்பாஹி ஆற்றங்கரை, தென் கரோலினா
20 நவம்பர் 1870

அப்பாவுக்கு,

இதை நெப்டியூன் மாமாவின் படகில் கொடுத்து அனுப்புகிறேன். நீங்கள் ஆஷ்லி ஆற்றுப் பக்கம் கல் தோண்டும் வேலையில் இருப்பதாக அவர்தான் சொன்னார். நான் எழுதுவது அம்மாவுக்குத் தெரியாது.

நீங்கள் போய் மூன்று வாரம் ஆகிறது. நீங்கள் போன மறுநாள் காலையில் பக்கத்து வீட்டு அத்தை மண் சட்டியில் தணல் கொண்டுவந்து வைத்துவிட்டுப் போனார். அதற்கு முன் ஒரு வாரம் யாரும் நமக்குத் தணல் தரவில்லை. நீங்கள் குனிந்து உட்கார்ந்து தீக்கல்லைத் தட்டிக்கொண்டிருப்பீர்கள். இப்போது எல்லோரும் தருகிறார்கள். அந்தத் தணலில் அம்மா காராமணி வேகவைத்தாள். என்னால் சாப்பிட முடியவில்லை.

உங்கள் தொப்பியின் உள்மடிப்பில் இருந்த இரண்டாவது ஓட்டுச் சீட்டை, மூப்பர் பிரைமஸ் ஜெபவீட்டில் எல்லோர் முன்னாலும் தூக்கிக் காட்டிய நாள் என் மனதை விட்டுப் போகவில்லை. மேலே நம் கட்சியின் கழுகுப் படம். முதல் பெயர்கள் எல்லாம் நம் ஆட்களுடையவை. கீழே மூன்று பெயர்கள் மட்டும், நம்மை அடிமைகளாக வைத்திருந்த துரைமாரின் கட்சி ஆட்களுடையவை என்றார், பெயர்களைப் படிக்கவில்லை. "டைட்டஸ், இதே மாதிரி ஒண்ணைத்தான் பொட்டியில போட்டியா?" என்று அவர் கேட்டார். நீங்கள் "ஆமா" என்றீர்கள். "யார் படிச்சுக் காட்டினா?" என்று கேட்டார். "யாரும் படிக்கல. மக படிக்கறதுக்குள்ள நானா எடுத்தேன், நானா போட்டேன்" என்றீர்கள். அந்த வாரம்தான் துரை உங்களுக்குக் கோவேறு கழுதையை இரவல் தந்திருந்தார். கழுதைக்கு ஓட்டை விற்றுவிட்டீர்கள் என்று உங்களைத் தள்ளிவைத்தார்கள்.

நம் வேட்பாளர் ஹெக்டர் பதினொரு ஓட்டில் தோற்றார். அதில் ஒன்று உங்களுடையது என்கிறார்கள். மற்ற பத்தும் யாருடையவை என்று யாரும் பேசுவதில்லை.

நேற்று அம்மா மாவுப் பசை காய்ச்சி அந்தச் சீட்டைச் சுவரில் ஒட்டிவிட்டாள். குளிருக்காக நாம் ஒட்டிய செய்தித்தாள்களுக்கு நடுவில், நீங்கள் படுக்கும் இடத்துக்கு நேர் மேலே. நான் எழுத்து பழகிய சுவர் அது. இப்போது அந்தப் பக்கம் திரும்பாமல் நடக்கிறேன்.

இன்னொன்று சொல்ல இருந்தேன். தாள் முடிந்துவிட்டது.

உங்கள் மகள்
பைனா


ஆஷ்லி ஆறு, தோண்டுகுழிக் கொட்டகை
4 டிசம்பர் 1870

பைனாவுக்கு,

இதை எழுதுவது கேட்டோ. பட்டாளத்தில் இருந்தபோது எழுதப் படிக்கக் கற்றவன். உன் அப்பா சொல்வதைச் சொன்னபடியே எழுதுகிறேன். இருமலை மட்டும் விட்டுவிடுகிறேன்.

கண்ணு, நான் நல்லாத்தான் இருக்கேன். இங்க நெல்லும் இல்ல, மடையும் இல்ல. வெறும் குழி. ஆள் ஆழம் தோண்டினா கட்டி கட்டியா கல்லு வருது. அதை அரைச்சு வயலுக்கு எருவாப் போடறாங்களாம். கல்லுன்னு சொல்றாங்க, பாத்தா பாதி எலும்பு. நோவா காலத்து வெள்ளத்துல செத்த மிருகமாம், கேட்டோ சொல்றான். கேட்டோவுக்குத் தெரியாதது எதுவுமே கிடையாது.

(நிறைய உண்டு. உன் அப்பா ஏன் சிரிப்பதே இல்லை என்பது அதில் ஒன்று. — கேட்டோ)

அவன் என்னமோ எழுதறான், கண்டுக்காத. இதோட ஒரு பல்லு வெச்சிருக்கேன். சுறா மீனோட பல்லாம். கடல் எங்கயோ கெடக்கு, இது மண்ணுக்குள்ள படுத்திருந்துச்சு. நீ வெச்சுக்க.

நாப்பது பேர் ஒரே கொட்டகையில படுக்கறோம். யார் யாருன்னு யாருக்கும் தெரியாது. அது எனக்குத் தோதாத்தான் இருக்கு. ஞாயித்துக்கிழமைதான் ஓட மாட்டேங்குது. மத்தவங்க கூடிப் பாடுவாங்க. நான் வெளிய வந்து குழிமேட்டுல உக்காந்துக்குவேன். ஜெபவீட்ட விட்டுத் தள்ளினவன் அந்தப் பாட்டைப் பாடலாமா, கூடாதான்னு தெரியல.

உங்கம்மா சொவத்துல ஒட்டினது சரிதான். நீ கிழிச்சுராத. எனக்காக ஜெபவீட்டுல வாயத் தொறக்காத. நீ எதுவும் பேச வேண்டாம். கேட்டுதா? எதுவும்.

கூரையில தெக்கு மூலை ஒழுகும். மழைக்கு முன்னால பாத்துக்கச் சொல்லு. நான் சொன்னேன்னு சொல்லாத.

அப்பா


கம்பாஹி
11 டிசம்பர் 1870

(உறைமேல்: இதை அப்பா மட்டும் படிக்கவும்)

அப்பா,

கேட்டோ மாமா நல்லவர் என்று தெரிகிறது. ஆனாலும் இதை அவர் வாயால் நீங்கள் கேட்பதை என்னால் நினைத்துப் பார்க்க முடியவில்லை.

தேர்தல் நாளில் நாம் எல்லோரும் விடியலிலேயே ஒன்றாக நடந்து போனோம். துரைமார் ஆட்கள் தடுக்காதபடி பெண்கள் தடியோடு ஆண்களைச் சுற்றி நின்றார்கள். நம் கட்சி அச்சடித்த சீட்டுகளைக் கொண்டுவர வேண்டிய வண்டி வரவில்லை. நம்மை விடுவித்த பட்டாளத்தின் நீலக் கோட்டு போட்ட ஒருவன் வந்து, "கழுகு போட்டது, நம்ம சீட்டுதான், வாங்கிக்கங்க" என்று கொடுத்தான். நீங்கள் இரண்டு வாங்கினீர்கள். ஒன்று போட, ஒன்று ஞாபகத்துக்கு வைத்துக்கொள்ள. பள்ளிக்கூட டீச்சர் ஒவ்வொருவருடைய சீட்டாகப் படித்துச் சொல்ல அப்போதுதான் உட்கார்ந்தார். வரிசை நீளமாக இருந்தது. நீங்கள் அதில் நிற்கவில்லை. "எனக்கு எதுக்கு வரிசை? என் வீட்டுலயே ஆள் இருக்கு. என் மக படிப்பா" என்றீர்கள். அத்தனை சத்தமாக நீங்கள் பேசி நான் கேட்டதே இல்லை.

எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். சீட்டு என் கையில் இருந்தது. எழுத்துகள் பொடிப்பொடியாக, கொடி சுற்றியதுபோல் வளைந்து வளைந்து இருந்தன. சுவரில் அப்படி எழுத்து இல்லை. இரண்டு குளிர்காலம்தான் நான் பள்ளிக்கூடம் போனேன். அதற்குள் நாற்று வேலைக்கு ஆள் குறைந்துவிட்டது. அந்த எழுத்து எனக்கு வராது என்று அங்கே, அத்தனை பேர் நடுவில், எப்படிச் சொல்வது? கழுகைப் பார்த்தேன். "சரிதாம்பா" என்றேன்.

நான் படிக்கவே இல்லை, அப்பா. ஒரு பெயரைக்கூடப் படிக்கவில்லை.

நீங்கள் உள்ளே போன கொஞ்ச நேரத்தில், அடியில் துரைமார் ஆட்களின் பெயர்கள் இருப்பதை டீச்சர் கண்டுபிடித்துவிட்டார். எல்லோரும் அந்தச் சீட்டுகளைக் கிழித்துப் போட்டார்கள். பிறகு வண்டியும் வந்தது. நீங்கள் வெளியே வந்து, தரையில் கிடந்த துண்டுகளைப் பார்த்துக்கொண்டு பேசாமல் நின்றீர்கள். நானும் பேசவில்லை. அன்றைக்குச் சொல்லியிருந்தால் பாதியோடு போயிருக்கும். ஜெபவீட்டில் நீங்கள் "யாரும் படிக்கல" என்று சொன்னபோதாவது எழுந்திருக்க வேண்டும். அம்மா உங்கள் துணிமூட்டையை வாசலில் வைத்தபோதாவது.

நீங்கள் குழியில் இறங்க வேண்டி வந்தது என் ஒரு வார்த்தையால்.

பைனா


ஆஷ்லி ஆறு
22 டிசம்பர் 1870

பைனாவுக்கு,

நான் கேட்டோ. இது என் சொந்தக் கடிதம். உன் அப்பாவுக்குத் தெரிந்துதான் எழுதுகிறேன்.

உன் கடிதம் வந்தது. உறைமேல் இருப்பதைப் படித்துக் காட்டினேன். அவர் இன்னொரு முறை படிக்கச் சொன்னார். பிறகு கடிதத்தை என் கையிலிருந்து வாங்கிச் சட்டைக்குள் வைத்துக்கொண்டார். "டைட்டஸ், உன்னால படிக்க முடியாதேய்யா" என்றேன். "அவ எனக்கு மட்டும்னு எழுதியிருக்கா" என்றார். "கண்ண மூடிக்கிட்டு வேணா படிக்கறேன்" என்று சொல்லிப் பார்த்தேன். சிரிக்கவில்லை.

அன்று முதல் சாப்பாட்டு நேரத்தில் என் பக்கத்தில் வந்து உட்காருகிறார். கடிதத்தை மடித்துப் பிடித்து, ஒரே ஒரு எழுத்தை மட்டும் காட்டி, இது என்ன என்று கேட்கிறார். முழு வார்த்தையை என் கண்ணில் காட்டுவதில்லை. இரண்டு பேர் ஒரு கள்ளச்சாவி செய்வதுபோல் இருக்கிறது.

நாற்பத்தைந்து வயது ஆள். மெதுவாகத்தான் போகும். நீ பதறாதே. ஆனால் அவசரமான விஷயம் என்றால் நான் படித்துக் காட்டும்படி எழுது.

கேட்டோ


கம்பாஹி
1 ஜனவரி 1871

அப்பாவுக்கு,

இதைக் கேட்டோ மாமா படித்துக் காட்டலாம்.

இன்று விடுதலை நாள். மழைக்கு நடுவிலும் கொடி பிடித்து நடந்தார்கள். ஜெபவீட்டு முற்றத்தில் டீச்சர் அரசியல் சட்டத்தின் மூன்று திருத்தங்களையும் படித்தார். இனி யாரும் யாருக்கும் அடிமை இல்லை என்ற வரிக்கு எல்லோரும் வழக்கம்போல் அழுதார்கள். பிறகு ஓட்டு பற்றிய வரி வந்தது. இனம், நிறம், முன்பு அடிமையாக இருந்த நிலை ஆகியவற்றைக் காட்டி யாருடைய வாக்குரிமையையும் மறுக்கக் கூடாது. போன வசந்தத்தில் இதை முதன்முதலாகப் படித்தபோது நீங்கள் டீச்சரை மூன்று முறை திரும்பப் படிக்கச் சொன்னீர்கள். "'முன்பு அடிமையாக இருந்த நிலை'ன்னா நாமதான். பேர் போடலையே தவிர, நம்மளப் பத்திச் சட்டத்துலயே ஒரு வரி இருக்கு" என்று வழியெல்லாம் சொல்லிக்கொண்டு வந்தீர்கள்.

அம்மா அன்றைக்கு டீச்சரிடம் கேட்டது நினைவிருக்கிறதா? "அதுல பொம்பளைன்னு எங்கயாவது வருதா?" டீச்சர் "இன்னும் வரலம்மா" என்றார். அம்மா உங்கள் பக்கம் திரும்பி, "அப்ப என் ஓட்டும் உன் கையிலதான் இருக்கு டைட்டஸ். கீழ போட்டுராத" என்றாள். எல்லோரும் சிரித்தார்கள். நீங்கள் சிரிக்காமல் தலையாட்டினீர்கள்.

இன்று அந்த வரி வந்தபோது அம்மா சால்வையை இழுத்துப் போர்த்திக்கொண்டு, கூட்டத்தை விட்டு வெளியே போய் நின்றாள். நனைந்துகொண்டு தனியாக நின்றாள். நான் போய்ப் பக்கத்தில் நிற்கவில்லை. போனால் சொல்லிவிடுவேன் என்று பயம். நீங்கள் எதுவும் பேச வேண்டாம் என்று எழுதியிருந்தீர்கள். அது எனக்கு வசதியாக இருந்தது. அதைத்தான் தாங்க முடியவில்லை.

இப்போது வாய்க்காலில் சேறு அள்ளும் வேலை. முழங்கால் வரை குளிர்கிறது. ஒரு பெண்ணுக்கு அரைப் பங்கு வேலை. என் பங்கு முடிந்த பிறகும் கரையில் நின்றுகொண்டிருப்பேன். வீட்டுக்குப் போனால் அம்மாவும் நானும் சுவரும்தான். அம்மா இரண்டு பேருக்குச் சோறு எடுத்துவைத்துவிட்டு, மூன்றாவது கலயத்தைக் கழுவிக் கவிழ்த்துவைக்கிறாள். அதில் யாரும் சாப்பிடுவதில்லை. தினமும் கழுவுகிறாள்.

என் போன கடிதத்தை நீங்கள் சீக்கிரம் படித்துவிட வேண்டும் என்று வேண்டிக்கொள்கிறேன். படிக்கவே கூடாது என்றும் வேண்டிக்கொள்கிறேன்.

தெற்கு மூலைக்குப் புல் வைத்துக் கட்டிவிட்டேன். நானாகப் பார்த்ததாகச் சொன்னேன். அம்மா நம்பவில்லை என்று நினைக்கிறேன்.

பைனா


ஆஷ்லி ஆறு
5 மார்ச் 1871

பைனா

இது நான். கேட்டோ இல்ல. அவன் ஆத்துக்கு அந்தப் பக்கம் வேலைக்குப் போய்ட்டான். போறதுக்கு முன்னால எல்லா எழுத்தும் சொல்லிக் குடுத்துட்டுப் போனான்.

உன் கடிதம் படிச்சு முடிச்சேன். ரெண்டரை மாசம் ஆச்சு. மடிச்ச எடம் கிழிஞ்சுபோச்சு.

எனக்குத் தெரியும் கண்ணு.

அப்பவே தெரியும். சொவத்துல படிக்கும்போது உன் விரல் ஒவ்வொரு எழுத்தாப் போகும். வாய் அசையும். நான் படுத்துக்கிட்டு அதையே பாத்துட்டிருப்பேன். அன்னிக்கு உன் விரல் கழுகு மேலயே நின்னுச்சு. நகரல.

வரிசைக்குத் திரும்பியிருக்கலாம். போனா சிரிப்பாங்க. என்னைப் பாத்து இல்ல. உன்னைப் பாத்து. பெருமை பேசினவன் நான். சிரிப்பு உனக்கு.

அதனால உள்ள போய்ப் போட்டேன். நல்ல சீட்டாத்தான் இருக்கும்னு நெனச்சேன். படிக்காததுன்னு தெரிஞ்சு போட்டேன். அது என் ஓட்டு மட்டும் இல்ல. உங்கம்மாவோடதும் அதுலதான் இருந்துச்சு. அவளக் கேக்கல.

நான் வித்துட்டேன்னு பிரைமஸ் சொன்னான். நான் மறுக்கல. கழுதைக்கு விக்கல. உன் மொகம் வாடக் கூடாதுன்னு வித்தேன். வித்தது வித்ததுதான்.

அதனால இது உன்னால இல்ல. குழியில நானா எறங்கினேன்.

பேசாதன்னு சொன்னேன். இனிமே அப்படிச் சொல்ல மாட்டேன். பேசறதும் பேசாததும் உன் இஷ்டம்.

கை வலிக்குது. மம்மட்டி பிடிச்சாக்கூட இப்படி வலிக்காது.

டைட்டஸ்


கம்பாஹி
26 மார்ச் 1871

அப்பாவுக்கு,

முதலில் அம்மாவிடம் சொல்லலாம் என்று நினைத்தேன். வீட்டில் வாய் வரவில்லை. பத்து நாள் போய்விட்டது. போன ஞாயிறு ஜெபவீட்டில் பாட்டு முடிந்ததும் மூப்பர் பிரைமஸ், "யாருக்காவது மனசுல ஏதாவது இருக்கா?" என்று வழக்கமாகக் கேட்பதைக் கேட்டார். யாரும் அதற்குப் பதில் சொல்வதில்லை. நான் எழுந்து நின்றேன். நீங்கள் அனுப்பிய பல் கைக்குள் இருந்தது.

"பைனாவா? நீ பேசப் போறியா?" என்றார் பிரைமஸ். பின்னால் யாரோ, "அந்தப் புள்ளைக்குக் குரல் இருக்கா என்ன" என்றார்கள். சொல்லிவிட்டேன். எவ்வளவு நேரம் ஆனது என்று தெரியவில்லை. என்னிடம் படிக்கக் கொடுத்தீர்கள், நான் படிக்கவில்லை, சரி என்று சொன்னேன் என்பதை மட்டும் சொன்னேன். உங்களுக்குத் தெரிந்திருந்தது என்பதைச் சொல்லவில்லை. அது அம்மாவுக்கு உரியது என்று தோன்றியது.

பிரைமஸ் என் பக்கத்தில் வந்து நின்றார். பிறகு, "அஞ்சு மாசமா உங்கப்பன் தலையில வெச்சுட்டு நீ எப்படிச் சோறு தின்ன?" என்று கேட்டார். "தின்னல" என்றேன். யாரும் சிரிக்கவில்லை. உங்கள் மீதிருந்த தடையை எடுத்துவிட்டார்கள். நீங்கள் வந்து எங்கே வேண்டுமானாலும் உட்காரலாம். எனக்கு ஈஸ்டர் வரை பின்பெஞ்சு. அந்த ஒரு வாரம் நீங்கள் உட்கார்ந்த அதே பெஞ்சு. இன்று முதல் நாள். அங்கிருந்து பார்த்தால் எல்லோருடைய முதுகும் தெரிகிறது. முகம் ஒன்றுகூடத் தெரிவதில்லை. உங்களுக்கும் இப்படித்தான் இருந்திருக்கும்.

உள்ளங்கையில் பல் பதிந்த தடம் இரண்டு நாள் இருந்தது.

அன்றைக்கு அம்மா எனக்கு முன்னால் நடந்து போனாள். திரும்பவே இல்லை. வீட்டில் மீனுக்குச் செதில் எடுக்க உட்கார்ந்தாள். நான் உங்கள் கடிதத்தை எடுத்து முழுவதையும் படித்தேன். விரல் வைத்துப் படித்தேன். "வித்தது வித்ததுதான்" என்ற இடத்தில் கத்தி நின்றது.

"அப்ப அவனுக்குத் தெரிஞ்சிருக்கு" என்றாள்.

"ஆமாம்மா."

"என்கிட்ட வந்து, 'ஹாகர், இது படிக்காத சீட்டு'ன்னு ஒரு வார்த்த சொல்லியிருந்தா என்னவாம்? பத்தடி தள்ளித்தான நின்னேன், தடியப் புடிச்சுக்கிட்டு. மூணு பேரும் சேந்து வரிசையில நின்னு சிரிப்பு வாங்கியிருப்போம். அதனால செத்தா போயிருப்போம்?"

அவள் மீனைக் கழுவி முடித்துவிட்டு எழுந்து சுவர்ப்பக்கம் போனாள். கிழிக்கப் போகிறாள் என்று நினைத்தேன். ஓரத்தில் பசை விட்டிருந்த மூலையைக் கட்டைவிரலால் அழுத்தி மறுபடி ஒட்டினாள்.

"எழுது. படிக்கக் கத்துக்கிட்டான்ல? வரச் சொல்லு. வந்து இந்தச் சொவத்துக்கு முன்னால நின்னு, இதுல இருக்கற பேரையெல்லாம் என் காதுபட ஒண்ணு விடாமப் படிக்கட்டும். நான் யார் யாருக்கு ஓட்டுப் போட்டேன்னு எனக்குத் தெரிய வேணாமா? அதுக்கப்புறம்தான் அவன் உள்ள படுக்கறதா, வெளிய படுக்கறதான்னு பேச்சு."

சொன்னபடியே எழுதியிருக்கிறேன். இன்றைக்கும் மூன்றாவது கலயத்தைக் கழுவினாள். ஆனால் கவிழ்த்துவைக்கவில்லை.

கொடி எழுத்து உங்களுக்கும் வராமல் போகலாம். அதனால் நான் அந்தச் சீட்டின் முன்னால் தினமும் நின்று, ஒவ்வொரு எழுத்தாகப் பார்த்து, கீழே வரைந்திருக்கிறேன். முதல் நான்கு பெயர்கள் வரைதான் எனக்கு வந்தது. மற்றவை இன்னும் பிடிபடவில்லை.

பைனா


ஆஷ்லி ஆறு
9 ஏப்ரல் 1871

பைனா

இன்னிக்கு ஈஸ்டர். நீ பெஞ்ச விட்டு எழுந்திருச்சிருப்ப. நான் கொட்டகையில பாட்டு முடியற வரைக்கும் உள்ளயே இருந்தேன். பாடல. உக்காந்திருந்தேன்.

நீ வரைஞ்ச நாலு பேரும் படிச்சுட்டேன். நாலும் நம்ம ஆளுங்க. கீழ இருக்கற மூணு எனக்கு இன்னும் தெரியாது. இங்க கேட்டுத் தெரிஞ்சுக்கலாம். கேக்க மாட்டேன்.

நெப்டியூன் படகு சனிக்கிழமை வருது. அதுல ஏறிடுவேன்.

உங்கம்மாகிட்ட சொல்லு. நேரமாகும். ஒரு பேருக்கு அரைமணி ஆனாலும் ஆகும். அவ நிக்க வேணாம், உக்காந்துக்கட்டும்.

நீ என் பக்கத்துல நில்லு. தெரிஞ்சாலும் சொல்லிக் குடுக்காத. என் விரலப் பாரு. நகராம நின்னுச்சுன்னா, நான் படிக்கலன்னு அங்கயே சொல்லிரு, சத்தமா.

அப்பா